மலிவு மின்வண்டியும் நமது கரையூர்களும்

இற்றை நாளில் நமது இளைஞர் கையில் ஒரு புதிய சந்தை வந்து சேர்ந்துள்ளது. கொழும்புப் புறக்கோட்டைக்குப் பேருந்தேறிப் போகாமலே, சீன தேசத்துத் தொழிற்சாலைகளின் பொருட்பட்டியலை அவர்கள் கைத்தொலைபேசியிற் புரட்டிப் பார்க்கின்றனர். அலிபாபா முதலிய அவ்விணையச் சந்தைகளில் ஊசி தொட்டு உழவு இயந்திரம் ஈறாக யாவும் உள. அவற்றுள்ளே காண்போர் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பது, முச்சக்கர வண்டியினும் சற்றே பெரிதாய், கதவும் கூரையும் கண்ணாடியும் உடையதாய் விளங்கும் சிறு மின்சாரக் கார். அதன் படத்தின் கீழே குறித்திருக்கும் விலையோ ஆயிரம் டொலருக்கும் குறைவு. டொலர் ஒன்றுக்கு முந்நூறு ரூபா என வைத்துக் கணக்கிட்டால் மூன்று இலட்சம் ரூபாவை எட்டாத தொகை. பழைய மோட்டார்ச் சைக்கிள் வாங்கும் பணத்திற் கார் கிடைக்குமாயின் அதனை யார்தான் வேண்டா என்பர்?

பள்ளிவாசல்துறை முதலாய கரையூர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து கற்றவர்களும் கற்பவர்களும் பலர். அவர்தம் குடும்பங்களை மனத்திற் கொண்டே இப்பொருளைப் பற்றி இம்மலரில் எழுதத் துணிந்தோம். நமது கருத்தை முன்னரே கூறிவிடுதல் நன்று. சிறு மின்வண்டி நமது கரைக்கு ஏற்றது. அது வருதல் வேண்டும். ஆயின், செய்தவனும் விற்றவனும் பழுதுபார்ப்பவனும் இன்னார் என்று அறியப்படாத ஒரு பெட்டியாக, தனியொருவர் தம் சேமிப்பை எல்லாம் கொட்டி அதனைத் தருவித்தல் தகாது. இவ்விரண்டிற்கும் இடையே நாடும் நாமும் செய்ய வேண்டிய பணி ஒன்று கிடக்கின்றது.

முதலில் தேவையை நோக்குவோம். பாலாவிச் சந்தியிற் பிரிந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் நெடுவீதியே அத்தீபகற்பத்தின் முதுகெலும்பு. அவ்வீதியிலிருந்து கடற்பக்கமும் வாவிப்பக்கமும் மணற்பாதைகள் கிளைத்துச் செல்கின்றன. மீனும் கருவாடும் காய்கறியும் சந்தைக்குப் போதல் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போதல் வேண்டும். முதியோர் மருத்துவமனைக்குப் போதல் வேண்டும். இப்பயணங்களிற் பெரும்பாலானவை குறுந்தூரத்தன, வேகம் வேண்டாதன. ஒருவர் இருவர் ஏறிச் செல்வதற்கு ஒரு தொன் எடையுள்ள காரை ஓட்டுவது வீண் செலவே. தந்தை ஓட்ட, தாய் பின்னிருக்க, இரு குழந்தைகள் நடுவே நெருங்க மோட்டார்ச் சைக்கிளிற் செல்லும் காட்சியோ காணுந்தோறும் நெஞ்சை நடுங்கச் செய்வது.

இதற்கு மேலாக, 2022ஆம் ஆண்டின் நினைவு இன்னும் ஆறாதிருக்கின்றது. அந்நியச் செலாவணி அற்றுப் போய், அவ்வாண்டு ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. பெற்றோல் நிலையங்களின் முன்னே வண்டிகள் நாட்கணக்காய் வரிசையில் நின்றன. மண்ணெண்ணெய் இன்றி மீனவர் படகுகள் கரையிற் கிடந்தன. ஆண்டின் நடுப்பகுதியில், குறியீட்டு அட்டையைக் காட்டி வாரத்திற்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கும் நிலை வந்தது. எண்ணெய்க் கப்பலின் வரவை எதிர்பார்த்து வாழ்ந்த அந்நாட்களைக் கண்டவர்கள், வீட்டுச் சுவரில் உள்ள மின்துளையிலிருந்து ஓடும் வண்டியை விரும்புவதில் வியப்பில்லை. வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியாக அனுப்பும் பணத்தின் அளவைக் கொண்டு மின்வண்டி தருவிக்க இடமளிக்கும் திட்டத்தையும் அரசு அவ்வாண்டிலேயே வகுத்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்புருவரியில் மீண்டும் திறந்து விடப்பட்டது. ஆகவே, ஆவல் எழுந்தமைக்குக் காரணம் உண்டு. அதனை எள்ளி நகையாடுவோருடன் நாம் சேரமாட்டோம்.

இனி, விலையின் உண்மையை ஆராய்வோம். 2020ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் யேசன் தோச்சின்ஸ்கி என்பவர், உலகின் மிக மலிந்த புதிய கார் எனக் கூறப்பட்ட 'சாங்லி' என்னும் சீன வண்டியை அலிபாபா மூலம் வாங்கினார். பட்டியலில் அதன் விலை 930 டொலர். அவ்விலையிற் பற்றறி அடங்கவில்லை. அதற்குத் தனியாக ஏறக்குறைய 270 டொலர் கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர்க் கப்பற்கூலி, தீர்வை, துறைமுகச் செலவு, உள்நாட்டுப் போக்குவரத்து என்று ஒவ்வொன்றாய்ச் சேர, வண்டி அவர் வாயிலை அடைந்தபோது மொத்தச் செலவு மூவாயிரம் டொலரைக் கடந்தது. கிடைத்த வண்டி பொய்யன்று; அது ஓடியது. அதன் மோட்டாரின் வலு ஒரு குதிரைவலுவுக்குச் சற்றே மேல். அவர் அதனைக் கண்டு மகிழ்ந்து பல கட்டுரைகளும் எழுதினார். ஆயின், அவருக்கு அது பரிசோதனைப் பொருள்; நமது கரையூர்க் குடும்பத்திற்கோ அது வாழ்நாட் சேமிப்பு. மூன்று மடங்காகப் பெருகும் விலையை அவர் தாங்கினார். குவைத்திற் பணிப்பெண்ணாய் உழைத்து அனுப்பும் தாயின் பணம் தாங்குமோ?

பட்டியல் விலை என்பது பெரும்பாலும் சீனத் துறைமுகத்திற் கப்பலேற்றும் வரையுள்ள விலையே. அதன் பின் வருவன யாவும் வாங்குவோன் தலையில். நமது நாட்டிலோ இறக்குமதித் தீர்வையுடன், மோட்டாரின் கிலோவாற்று அளவைக் கொண்டு விதிக்கும் உற்பத்தி வரியும், பெறுமதி சேர் வரியும் உள. இவை அனைத்தையும் செலுத்தி வண்டியை வெளியே எடுத்தாலும் வேலை முடிந்ததன்று. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவும் காப்புறுதியும் இன்றிப் பொதுவீதியில் எவ்வண்டியும் ஓடலாகாது. இன்ன வகுப்பைச் சேர்ந்தது, இன்ன தரத்துக்கு இயைந்தது என்று காட்டும் சான்று இல்லாத வண்டிக்குப் பதிவு கிடைப்பது எங்ஙனம்? பதிவில்லா வண்டியைக் களவாக ஓட்டி, வழியில் ஒருவர் மீது மோதினால், அடிபட்டவனுக்கு இழப்பீடு இல்லை. ஓட்டியவனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. இணையச் சந்தையில் விற்றவனோ கடலுக்கு அப்பால் இருக்கின்றான்.

அடுத்து, நாம் மிக முதன்மையாகக் கருதுவது பற்றறியின் கணக்கு. மாணவர்கள் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம். 60 வோல்ற்றும் 45 அம்பியர்-மணியும் உடைய ஈயப் பற்றறித் தொகுதி ஒன்றைக் கொள்வோம். அதன் கொள்ளளவு 2.7 கிலோவாற்று-மணி. அதைக் கொண்டு நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர் ஓடுவதாகவும், வீண் போவதையும் சேர்த்து மூன்று அலகு மின்சாரம் ஏற்றுவதாகவும் வைத்துக் கொள்வோம். அலகுக்கு ஐம்பது ரூபா எனினும் செலவு 150 ரூபா. அதே தூரத்தை லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் முச்சக்கர வண்டியிற் சென்றால் 1.2 லீற்றர் பெற்றோல் வேண்டும். 2025ஆம் ஆண்டில் லீற்றர் முந்நூறு ரூபாவை ஒட்டி நின்றமையால் அதற்கு 360 ரூபா. ஆகவே நாளொன்றுக்கு மிச்சம் 210 ரூபா. நல்ல மிச்சமே.

ஆயின், ஈயப் பற்றறியை நாள்தோறும் ஆழமாக இறக்கி ஏற்றினால் அது முந்நூறு முதல் ஐந்நூறு முறை வரையே தாங்கும். நானூறு முறை என்று கொண்டால், அக்காலத்தில் நாம் மிச்சம் பிடித்தது 84,000 ரூபா. புதிய தொகுதிக்கு மேற்சொன்ன 270 டொலர் என்றாலே 81,000 ரூபா. கப்பற்கூலியும் தீர்வையும் வேறு. எனவே, பெற்றோலில் மிச்சம் பிடித்ததைப் பற்றறி விழுங்கிவிடும். இதற்கு மாறாக, லிதியம் இரும்பு பொசுபேற்றுப் பற்றறி ஈராயிரம் முறைக்கு மேலும் உழைக்க வல்லது. அது தொடக்கத்தில் விலை மிகுந்தது. எனினும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு அந்த 210 ரூபா மெய்யாகவே வீட்டில் நிற்கும். மிக மலிந்த வண்டியில் அமைவது பெரும்பாலும் முன்னையதே என்பதை நம் மக்கள் அறிதல் வேண்டும். அன்றியும், தேய்ந்த ஈயப் பற்றறிகளை வீட்டு முற்றத்தில் உடைத்து உருக்கினால், அந்நஞ்சு மணலிலும் கிணற்றிலும் கலந்து முதலிற் குழந்தைகளையே தாக்கும். உப்புக்காற்று மின் இணைப்புகளையும் மெல்லிய இரும்புச் சட்டங்களையும் அரிக்கும் கரையூர்களில், மாற்றுறுப்புக் கிடைக்காத வண்டி எத்தனை மழைக்காலம் நிற்கும் என்பதும் சிந்திக்கற்பாலது.

இவ்வாறு நாம் கூறுவதைக் கேட்டு ஒருவர் வினவலாம்: "செல்வர்கள் பெரிய கார்களை இறக்குகின்றனர், அவர்களுக்குத் தடை இல்லை. ஏழை ஒருவன் தன் அளவுக்கு ஒரு சிறு வண்டி விரும்பினால் மட்டும் பாதுகாப்பு, தரம் என்று பாடம் சொல்வதோ? மோட்டார்ச் சைக்கிளினும் அது பாதுகாப்பானதன்றோ?" இவ்வினா நேர்மையானது. இதற்கு விடை கூறாது கடந்து செல்லுதல் அறமன்று. குறைந்த வேகத்தில், ஊர் வீதியில், நான்கு சக்கரமும் கூரையும் உள்ள வண்டி நால்வர் நெருங்கிய மோட்டார்ச் சைக்கிளினும் மேலானதாகவே இருக்கலாம். லொறியும் பேருந்தும் விரையும் நெடுவீதியில் அவ்வண்டியே உயிர்க்கு இறுதியாகவும் அமையலாம். ஆகவே வினா, வண்டி நல்லதா தீயதா என்பதன்று. அது எங்கே, எவ்வேகத்தில், எத்தகைய தடையமைப்போடும் இருக்கைப் பட்டியோடும் ஓடும் என்பதே.

பிற நாடுகள் இவ்வினாவை எதிர்நோக்கிய வரலாறு நமக்குப் பாடமாகும். பெங்களூரில் 2001இல் வெளிவந்த 'ரேவா' என்னும் மின்வண்டி, 'ஜீ-விஸ்' என்ற பெயரில் இலண்டன் வீதிகளில் ஓடியது. காருக்குரிய மோதற் சோதனை தேவைப்படாத இலகு நாற்சக்கர வகுப்பில் அது பதிவாயிற்று. 2007இல் அங்கு நடத்திய சோதனைகள் அதன் பாதுகாப்பைப் பற்றிப் பெருங் கவலையை எழுப்பின. அதே நாட்டில், ஸ்கூட்டரில் நனைந்து செல்லும் குடும்பங்களுக்கென இரத்தன் தாத்தா 2008இல் ஒரு இலட்ச ரூபா 'நானோ' காரை அறிமுகஞ் செய்தார். நமது வீதிகளிலும் அது ஓடக் கண்டோம். எனினும் 2018இல் அதன் உற்பத்தி நின்று போயிற்று. மிக மலிந்தது என்று விளம்பரஞ் செய்ததே அதற்கு ஊறாயிற்று என அவரே பின்னர்க் கூறினார். வறியோர்க்கும் மதிப்பு உண்டு. மலிவு என்ற முத்திரையைத் தம் வாயிலில் நிறுத்தி வைக்க அவர்களும் விரும்புவதில்லை.

சீனத்திலேயே இருவகை வரலாறு உண்டு. சாந்துங் முதலிய மாகாணங்களில் முதியோர் விரும்பி வாங்கிய மெதுவோட்ட வண்டிகள் உரிமமும் பதிவும் இன்றிப் பெருகின. விபத்துகள் மிகவே, பெய்சிங் நகரம் 2024 சனவரி முதலாந் தேதியிலிருந்து விதிமுறைக்கு அடங்காத அத்தகைய வண்டிகளை வீதியில் ஓட்டவும் நிறுத்தவும் தடை விதித்தது. மற்றொரு புறம், 2020 சூலையில் வெளிவந்த 'வூலிங் ஹொங்குவாங் மினி' என்னும் சிறு மின்கார், 28,800 யுவான் என்ற தொடக்க விலையுடன், முறையான காராகப் பதிவுபெற்று, 2021இல் அந்நாட்டில் மிகுதியாக விற்ற மின்காராய் விளங்கியது. மூன்று மீற்றர் நீளமும் இல்லாத வண்டி, லிதியம் பற்றறி, பழுதுபார்க்க நிலையங்கள், பொறுப்பேற்க ஒரு நிறுவனம். பட்டியலில் நாம் காணும் 930 டொலர் வண்டிக்கும் இதற்கும் விலை வேற்றுமை சில மடங்கே. பொறுப்பின் வேற்றுமையோ அளவிடற்கரியது.

விதி வகுத்து இடமளித்த நாடுகளும் உள. யப்பான் 1949 முதல் சிறு கார்களுக்கெனத் தனி வகுப்பு வைத்துள்ளது. இன்று நம் வீதிகளில் நாம் காணும் 'வாகன் ஆர்' அவ்வகுப்பின் பிள்ளையே. ஐரோப்பியர் மணிக்கு 45 கிலோமீற்றருக்கு மேற்படாத இலகு நாற்சக்கர வண்டிகளுக்குத் தனி ஒழுங்கு வகுத்துள்ளனர். இந்தியாவும் 2018இல் இத்தகைய வண்டிகளைத் தனியார் பயன்பாட்டுக்கு அனுமதித்தது. சிறுமையைத் தடுக்காமல் அதற்கேற்ற வேலி கட்டுவது இயலும் என்பதற்கு இவை சான்று.

மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற வினாவும் கரைவாசிகளுக்குப் புதியதன்று. சீனக் கடனாலும் சீன நிறுவனத்தாலும் எழுந்த நுரைச்சோலை அனல்மின் நிலையம் அத்தீபகற்பத்திலேயே உளது. 2011இல் அதன் முதற் பகுதி இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பகுதிகளும் சேர 900 மெகாவாற்று நிலையமாயிற்று. இரவில் ஏற்றும் மின்வண்டி பெற்றோலை விட்டு நிலக்கரியை உண்பதாகவே முடியலாம். ஆயின் பகலில் நிலை வேறு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தமையால், கூரைமேற் சூரியத் தகடு வைத்திருப்போரைப் பகலில் அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக் கொண்டது. ஒரு பக்கம் எண்ணெய்க்கு டொலர் இல்லாது நின்ற நாடு. மறுபக்கம் வெயில் தரும் மின்சாரத்தை ஏற்க இடமில்லாத நாடு. நண்பகலிற் பள்ளியிலும் சந்தையிலும் துறையிலும் நிற்கும் சிறு வண்டிகளின் பற்றறிகள் அவ்வெயிலை வாங்கிக் கொள்ளுமாயின், இருவகை நட்டத்துக்கும் ஒரு மருந்து கிடைத்ததாகும். கற்பிட்டிக் கரைக்கு வெயிலும் காற்றும் குறைவில்லை. மாம்புரியிற் சுழலும் காற்றாலைகள் அதற்குச் சாட்சி.

ஆதலின் அரசினரிடம் நாம் வேண்டுவன நான்கு. ஒன்று, மெதுவோட்டச் சிறு மின்வண்டிகளுக்கெனத் தெளிவான பதிவு வகுப்பை வகுத்து, வேகம், எடை, தடை, இருக்கைப் பட்டி, ஓடத்தக்க வீதி ஆகியவற்றை எளிய தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுதல். இரண்டு, மாற்றுறுப்பும் பழுதுபார்ப்பும் உள்நாட்டில் வைத்திருப்பதாகப் பொறுப்பேற்கும் வணிகருக்கே இறக்குமதி இசைவு அளித்தல். மூன்று, விற்பவரே தேய்ந்த பற்றறியைத் திரும்பப் பெறும் கடப்பாடு. நான்கு, நண்பகல் மின்னேற்றத்துக்குக் குறைந்த கட்டணம். இவை நிறைவேறும் வரை, தனியாகப் பெட்டி தருவிக்க எண்ணும் எவரும் பணத்தை அனுப்புமுன் திணைக்களத்திற் கேட்டு எழுத்து மூலம் மறுமொழி பெறுவாராக. விற்போனின் இனிய சொல் பதிவுப் பத்திரம் ஆகாது.

நம்மால் ஆவதும் உண்டு. 1970களில் உபாலி விஜயவர்த்தன மஸ்டா, பியற் கார்களை இந்நாட்டிலேயே பொருத்தி விற்றார். பின்னாளில் 'மைக்குறோ' நிறுவனம் சீனத்து 'பாண்டா' சிறுகாரை இங்கே பொருத்தி விற்றது. ஆகவே இக்கைவேலை நமக்கு அந்நியமன்று. இந்நாட்டின் வீதிகளிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் பதிவாகியுள்ளன. அவற்றின் இயந்திரத்தைக் கழற்றி மோட்டாரும் நற்பற்றறியும் பூட்டக் கற்றவனுக்கு வேலைக்குக் குறைவிராது. 2013இல் உயர்தர வகுப்பிற் புகுத்திய தொழினுட்பப் பிரிவில் மாணவர்கள் பயில்கின்றனர். அவர்களுக்கு மோட்டார் ஒன்றும், மின்னோட்டத்தை ஆளும் கருவி ஒன்றும், அளவிடத்தக்க பற்றறி ஒன்றும் கொண்ட ஒரு சிறு பட்டறையைப் பழைய மாணவர் சங்கம் அமைத்துத் தருமாயின், இவ்விழாவின் பயன் விளக்கலங்காரத்தோடு நின்றுவிடாது. பிறநாடுகளில் வாழும் நம் பழைய மாணவருட் பொறியியலாளர் பலர். அவர்கள் அனுப்பும் வாழ்த்துரையோடு ஒரு பெட்டி கருவிகளையும் அனுப்புவார்களாயின் இரட்டை வாழ்த்தாகும்.

கடல் கடந்து வரும் பொருளை எடைபோட்டு வாங்கும் பழக்கம் துறைமுக மக்களுக்குப் பழமையானது. கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை எழுமுன்னரே இக்கரையிற் கப்பல்கள் நின்றன, பண்டம் இறங்கியது, நம் முன்னோர் பிரித்துப் பார்த்தே விலை பேசினர். இன்றைய பண்டம் கண்ணாடித் திரையிற் படமாக வருகின்றது. கையாற் தொட்டுப் பார்க்க வழியில்லை. எனவே அறிவாற் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அவ்வறிவை ஊட்டுதற்கன்றோ கல்லூரிகள் உள்ளன? பள்ளிவாசல்துறைச் சிறுவன் ஒருவன் பட்டியலில் உள்ள மின்வண்டியைக் காட்டி, "இதன் பற்றறி எத்தனை முறை ஏறும்? இதனைப் பழுதுபார்ப்பவர் யார்?" என்று தன் தந்தையைக் கேட்பானாயின், அக்குடும்பத்தின் சேமிப்புத் தப்பும். அவ்வினாவைக் கேட்கவும், நாளடைவில் அதற்கு விடையாக நிற்கவும் வல்ல மாணாக்கரை நம் கல்லூரி ஆக்குக என்று வேண்டி அமைகின்றோம்.